உங்களை மேலே கொண்டுவந்தவர் யார்? நியமித்த வழிகாட்டியா, வழியில் கிடைத்தவரா?

பூன்லே தாதி
வெள்ளி, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் தாதியர் மேலாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் எங்களிடம் இளம் தாதியருக்காக ஒரு வழிகாட்டித் திட்டம் தொடங்குகிறது. மூத்தவர் ஒருவருக்கு இளையவர் இரண்டு பேர், மாதம் ஒரு சந்திப்பு, சந்திப்பு முடிந்ததும் நிரப்பித் தர ஒரு படிவம். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். ஆனால் படிவத்தைக் கையில் வாங்கியதிலிருந்து ஒரு கேள்வி மனத்தைக் குடைகிறது. என்னை வளர்த்துவிட்டவர்களில் ஒருவரைக்கூட யாரும் எனக்கென்று நியமிக்கவில்லை.

முக்கியமானவர் என் முதல் வார்டு சிஸ்டர். மலாய்க்காரர். அந்த வார்டுக்கு நான் போனதே தற்செயல்தான். வேறொரு பெண், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடம் மாற்றிக்கொண்டு போனதால் காலியான இடம் அது. காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சிஸ்டர்தான் பதில் சொல்வது வழக்கம். இவர் என்ன செய்வார் என்றால், கட்டிலருகே வந்ததும் அரை அடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார். நோயாளியின் கோப்பினை மார்போடு அணைத்தபடி என்னைப் பார்ப்பார். டாக்டர் அவரைத்தான் கேட்பார்: இரவு காய்ச்சல் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போனது, பொட்டாசியம் ரிசல்ட் வந்ததா? சிஸ்டருக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். நான்தான் பேசியாக வேண்டும். கொஞ்ச நாளில் டாக்டர்கள் நேராக என்னையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஒவ்வொரு கோப்பையும் "காலையில் இதில் எதைக் கேட்பார்கள்?" என்று யோசித்தபடியே படிக்கப் பழகிவிட்டேன்.

உட்காரவைத்து அறிவுரை என்று அவர் எனக்கு எதுவும் சொன்னதில்லை. ஆனால் பதவி உயர்வுக் கூட்டத்தில் என் வயதைக் காட்டிச் சிலர் தயங்கியபோது, "இந்தப் பெண்ணைப் போடுங்கள், ஏதாவது தவறினால் என்னைக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான், அந்தக் கூட்டத்தில் இருந்த இன்னொருவர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

உங்களுக்கெல்லாம் எப்படி? படிவமும் பட்டியலும் வைத்து இப்படி ஒருவரை உண்டாக்க முடியுமா? என்னிடம் வரப்போகிற அந்த இரண்டு பெண்களுக்கு நான் என்ன செய்தால் உண்மையில் உதவும்? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

துவாஸ் பாதுகாப்பு
வெள்ளி, இரவு 11.15

அக்கா, ரவுண்ட்ஸில் பின்னால் தள்ளி நின்ற அந்த சிஸ்டரை எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். ஒர்க் பெர்மிட்டில் கப்பல் பட்டறைக்கு, நாங்கள் யார்டு என்போம், வந்தவன், இப்போது பாதுகாப்பு மேற்பார்வையாளர். வந்த புதிதில் கையில் தகடு கிழித்துக் கட்டுப் போட்டிருந்தேன். லாரியின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர முடியாது என்று முன் இருக்கையில் உட்காரவைத்தார்கள். லாரியை ஓட்டியவர் எங்கள் ஃபோர்மன், ஈப்போவிலிருந்து வந்த சீனர். நாங்கள் அங்கிள் என்போம். கட்டுப் பிரிக்கும்வரை தினமும் காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில், எனக்கு டிராயிங் படிக்கத் தெரியும், பாலிடெக்னிக் முடித்தவன் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தக் காயம் பட்டிருக்காவிட்டால் நான் அவருக்கு இன்னொரு மஞ்சள் ஹெல்மெட்தான்.

காலை வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும், அன்றைய வேலையையும் பாதுகாப்பையும் விளக்கும் சிறு கூட்டம். தமிழ் ஆட்கள் பாதி, பங்ளாதேஷ் ஆட்கள் பாதி. அங்கிள் அவர் இங்கிலீஷில் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவோம். ஒருநாள் அன்றைய வேலைத் தாளை என் கையில் கொடுத்து, "நீ சொல்லு, உன் பாஷையில்" என்றார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அடுத்து கேஸ் மீட்டரைக் கொடுத்தார். தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் வாயு, வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. "நம்பர் சரியில்லை என்றால் ஆளை இறக்காதே. யார் கத்தினாலும் எனக்குப் போன் அடி" என்றார்.

அப்படி ஒருநாள் வந்தது. கப்பல் மறுநாள் புறப்பட வேண்டும், மீட்டரில் 19-ஐத் தாண்டவில்லை, எஞ்சினியர் மேலே நின்று அவசரப்படுத்துகிறார். போன் அடித்தேன். அங்கிள் வந்து மீட்டரை வாங்கிப் பார்த்தார். "அவன் சொல்வதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்று ஊதும் புளோவரை இழுத்துவந்து போடச் சொன்னார். எல்லார் முன்னாலும் அவர் சொன்ன அந்த வார்த்தைக்குப் பிறகு, நான் நிறுத்து என்றால் யார்டில் வேலை நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெர்மிட் ஆள், அதற்கு அடுத்த படியான எஸ் பாஸ் வேலை அனுமதிக்கு மாற வேண்டுமானால் கம்பெனிதான் மனுப் போட வேண்டும், கம்பெனிக்கு ஒதுக்கீடும் இருக்க வேண்டும். நமக்கு ஆயிரம் திறமை இருக்கட்டும், உள்ளே யாராவது ஒருவர் போய் நம் பெயரைச் சொன்னால்தான் நடக்கும். எனக்கு அதையும் அவர்தான் செய்தார்.

தோ பாயோ ஆசிரியர்
சனி, காலை 7.05

இருவர் எழுதியதையும் படித்தேன், மனம் நிறைந்தது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மருத்துவமனை என்றதும் எனக்கு எஸ்.ஆர். நாதன் ஞாபகம் வந்தது.

1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். சிங்கப்பூர் அரசாங்கச் சேவையில் அவருடைய முதல் பணி, 1955-இல் பொது மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியர் வேலை. மூவாரில் வளர்ந்து, சிறு வயதில் தந்தையை இழந்து, வீட்டைவிட்டு ஓடி, எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழி படித்து, முப்பது வயதில்தான் பல்கலைக்கழகத்தை முடித்தார். மருத்துவமனையிலிருந்து அடுத்த ஆண்டே கடலோடிகள் நல அதிகாரி. அங்கே தொழிலாளர் பிரச்சினைகளில் தேறியதால், 1962-இல் தொழிற்சங்க காங்கிரசின் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. தேவன் நாயரும் மற்ற சங்கத் தலைவர்களும் முதலாளிகளோடு வழக்காடியபோது அவர்களுக்குக் கணக்கும் ஆதாரமும் தயாரித்துக் கொடுத்த இடம் அது. 1966-இல் வெளியுறவு அமைச்சு. 1971-இல் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்கு இயக்குநர். 1974-இல் புலாவ் புக்கோமில் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியவர்கள் லாஜு படகில் ஆட்களைப் பிணை பிடித்தபோது, பிணையாளிகளுக்குப் பதிலாகத் தாக்கியவர்களோடு குவைத் வரை விமானத்தில் போன அதிகாரிகளுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான்.

கடலோடிகள் நல அதிகாரி வேலைக்குச் சேரும்போது, இது உளவுத் துறைக்கோ அதிபர் மாளிகைக்கோ போகும் வழி என்று யார் நினைத்திருப்பார்கள்? எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு பாதையை வரைந்திருக்க மாட்டார்கள். ஒரு வேலையில் கூட இருந்து பார்த்தவர்கள் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

வெளியுறவில் அவருக்கு அமைச்சராக வாய்த்தவர் ராஜரத்தினம். அவர் கதையும் இதே மாதிரிதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்து, 1930-களில் சட்டம் படிக்க லண்டன் போனார். போர் வந்து வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. வயிற்றுப்பாட்டுக்குப் பேனாவைப் பிடித்தார். வழக்கறிஞராக வேண்டியவர் பத்திரிகைக்காரராகத் திரும்பி வந்தார். 1950-களில் லீ குவான் இயூவின் ஆக்ஸ்லி ரோடு வீட்டின் கீழ்த்தளத்தில் கூடிப் பேசிய சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் அங்கிருந்துதான் வந்தார்.

நம் சமூகத்துக்குள் வந்தால் கோ. சாரங்கபாணி. 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியவர். 1950-களில் அவர் முரசில் நடத்திய மாணவர் மணிமன்றம் எத்தனை பேரை உருவாக்கியது! பிள்ளைகள் எழுதியதை அச்சில் போட்டார்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அதில் எழுதிப் பழகியவர். அவர் என்னைக் கல்வி அமைச்சின் பாடநூல் குழுவுக்குத் தள்ளிவிட்டார். நான் சாரங்கபாணியை ஒருதடவைகூட நேரில் சந்தித்தது கிடையாது. ஆனாலும் என் ஆசிரியருக்கு ஆசிரியர் அவர்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. வழிகாட்டி என்றால் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றில்லை, தாதியம்மா. இடம் உண்டாக்கிக் கொடுத்தாலே போதும்.

தெம்பனிஸ் நிரலர்
சனி, மதியம் 1.20

ஐயா, மரியாதையோடு மாறுபடுகிறேன். நாதன் காலம் வேறு. புது நாடு, ஆள் பற்றாக்குறை, கையில் இருந்தவர்களை வைத்தே எல்லாம் கட்ட வேண்டியிருந்தது. முப்பது வயதில் படித்து முடித்த ஒருவரை அமைச்சு விட்டு அமைச்சு கூப்பிட்டார்கள். இன்று பதினெட்டு வயதில் பொதுச் சேவை ஆணைய உபகாரச் சம்பளம் கிடைக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதிப் பாதை தீர்ந்துவிடுகிறது. பெரிய தனியார் நிறுவனங்களிலும் எந்தப் பள்ளி, எந்தத் தொடக்கக் கல்லூரி என்பது முதல் காப்பி குடிக்கும்போதே தெரிந்துவிடும்.

தற்செயல் என்கிறோம். அது எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை. நான் ஈசூன் மூவறை வீட்டில் வளர்ந்தேன். அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா பள்ளி உணவகத்தில் வேலை. ஒரு வங்கித் தலைவரைத் தற்செயலாகச் சந்திக்கும் இடம் எதிலும் எங்கள் குடும்பம் இருந்ததில்லை. அந்த வங்கித் தலைவரின் நண்பருடைய பிள்ளைக்கு அது தினசரி நடக்கிற விஷயம், தற்செயல் என்று பெயர்கூட வைக்க மாட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிதி நிறுவனத்தில் பெண்களுக்கென்று வழிகாட்டித் திட்டம் வைத்தார்கள். எனக்குக் கிடைத்த வழிகாட்டி நல்ல மனிதர். மாதாமாதம் தவறாமல் சந்தித்தார். தன்னம்பிக்கை பற்றி, குரலை உயர்த்திப் பேசுவது பற்றி, நேர நிர்வாகம் பற்றி நிறையப் பேசினோம். பதவி உயர்வு வந்தபோது, எந்தத் திட்டத்திலும் இல்லாத ஓர் ஆண் சகாவுக்குப் போனது. பிரிவுத் தலைவரோடு சனிக்கிழமைதோறும் பந்து விளையாடுகிறவர் அவர். திறமை இல்லாதவர் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் திறமையை அந்த அறையில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது. என் திறமையைச் சொல்ல ஆள் இல்லை.

இது என் சொந்த வருத்தம் மட்டும் இல்லை. அப்போது இன்சியாட் வணிகப் பள்ளியில் இருந்த பேராசிரியர் ஹெர்மினியா இபாராவும் சகாக்களும் 2010-இல் இதைத்தான் எழுதினார்கள்: பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறையக் கிடைக்கிறது, மேலே நின்று அவர்களுக்காக வாதாட ஆள் கிடைப்பதில்லை. இன்சியாட்டுக்கு நம் புவன விஸ்தாவிலேயே வளாகம் இருக்கிறது, ஆனால் அந்தப் பாடம் இங்கே அலுவலகங்களுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

பூன்லே அக்காவின் சிஸ்டர் செய்ததில் பெரியது எது? ரவுண்ட்ஸில் பின்னால் நின்றதைவிட, பதவி உயர்வுக் கூட்டத்தில் "என்னைக் கேளுங்கள்" என்று சொன்னதுதான் என்பேன்.

என்சிக்கின் பையன்
சனி, மாலை 4.40

தெம்பனிஸ் சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் எல்லாத் தரப்பும் கலக்கிற ஓர் இடம் உண்டு. தேசிய சேவை. 1967-இலிருந்து எல்லா வீட்டுப் பையன்களும் ஒரே மொட்டைத் தலையோடு ஒரே பாசறை அறையில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் என் படுக்கைக்கு இந்தப் பக்கம் புக்கிட் தீமா பங்களா வீட்டுப் பையன், அந்தப் பக்கம் கோழி வெட்டும் கடைக்காரர் மகன். நான் வழக்கமான உயர்நிலைப் பள்ளி, பிறகு ஐடிஈ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகம். எனக்குத் தலைமை என்று ஒன்று இருப்பதையே காட்டியவர் எங்கள் படைப்பிரிவின் வாரண்ட் ஆபீசர். அவர்களை என்சிக் என்போம். சீக்கியர். எல்லா என்சிக்கும் மாதிரி அவருக்கும் குரல் இடிதான். ஒரு ரூட் மார்ச்சில் நான் கடைசியில் வந்த ஒருவனின் பையை வாங்கிச் சுமந்தேன். அவர் எல்லார் முன்பும் என்னை நிறுத்தி, "பையைத் தூக்கினாய், சரி. அவன் ஏன் பின்தங்கினான் என்று கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. போய்க் கேட்டேன். பூட்ஸுக்குள் நகம் பெயர்ந்து ரத்தம் கட்டியிருந்தது.

இன்று ஒரு கட்டட நிறுவனத்தில் நாற்பது பேருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆள் வேலைக்குத் தாமதமாக வந்தால் முதலில் காரணம் கேட்பது அங்கே பழகியது. அந்த புக்கிட் தீமா பையனை இப்போதும் ரிசர்வ் பயிற்சியில் பார்க்கிறேன். என் இரண்டாவது வேலைக்கு அவன் அப்பாவின் நண்பரிடம் அவனாகவே என்னைப் பற்றிச் சொன்னான்.

தெம்பனிஸ் நிரலர்
சனி, மாலை 5.10

உங்கள் கதை அருமை, அண்ணா. அந்த என்சிக்குக்கு என் வணக்கம். ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குச் சாட்சி. அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு வழி இல்லை. துவாஸ் அண்ணனுக்கும் இல்லை. பத்து வருட ரிசர்வில் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு பெரிய பழக்க வட்டம் இந்த ஊர் ஆண்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. பெண்களுக்கும், வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது? இதை யாராவது யோசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கென்ட் ரிட்ஜ்
சனி, இரவு 8.30

மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன் என்பதால் ஆய்வுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

இந்த விஷயத்தில் பழைய ஆய்வு மார்க் கிரானவெட்டருடையது, 1973-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம் "அவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் நாம் கேள்விப்படாத இடத்துச் செய்தியைக் கொண்டுவரும். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த பரிசோதனையும் கிட்டத்தட்ட இதையே காட்டியது, ஒரு திருத்தத்தோடு: ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முழு அந்நியமும் இல்லாமல், நடுவில் இருக்கிற பழக்கம்தான் அதிகம் உதவுகிறது. என்சிக்கின் பையனுக்கு அந்த புக்கிட் தீமா நண்பர் சரியாக அந்த இடத்தில் இருந்தவர்.

ஆனால் இதெல்லாம் வேலை கிடைப்பதைப் பற்றியது. ஒருவர் தலைவராக ஆவது வேறு. அதற்கு கேத்தி கிராம் 1980-களில் செய்த ஆய்வு உதவும். அலுவலக வழிகாட்டி உறவுகளைக் கூர்ந்து பார்த்து, அதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன என்றார். ஒன்று, முன்னேற்றத்துக்கானது: சவாலான வேலையைக் கொடுப்பது, மேலிடத்தின் கண்ணில் படவைப்பது, அடி விழும்போது தாங்கிப் பிடிப்பது. மற்றது மனத்துக்கானது: தைரியம் சொல்வது, முன்மாதிரியாக இருப்பது. தெம்பனிஸ் சகோதரியின் நிதி நிறுவனம் அவருக்கு இரண்டாவதை மட்டும் கொடுத்திருக்கிறது. துவாஸ் நண்பரின் ஃபோர்மன் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் ஒரு கேஸ் மீட்டரை வைத்து.

மேற்படி விவாதத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இங்கே யாருடைய வழிகாட்டியும் பேசி வளர்க்கவில்லை. ஏதோ ஒரு பொருளையோ பொறுப்பையோ கையில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை எங்கோ ஒரு காப்பிக் கடையில் சந்திக்கும் திட்டங்களில் இது நடக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அங்கே வேலை இல்லை. தாதியம்மாவுக்கு என் யோசனை: உங்கள் இரண்டு பெண்களும் உங்கள் வார்டிலேயே, அல்லது நீங்கள் உட்காரும் ஏதாவது ஒரு குழுவிலேயே, உங்களோடு சேர்ந்து வேலை செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடிஈ இறுதியாண்டு
சனி, இரவு 10.05

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐடிஈயில் மின்னியல் படிக்கிறேன். இதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. எனக்கு இப்போது மூன்று மாத வேலைப் பயிற்சி, ஒரு பராமரிப்பு நிறுவனத்தில். ஒரு மூத்த டெக்னீஷியன் இருக்கிறார், நன்றாக வேலை தெரிந்தவர், ஆனால் பேசவே மாட்டார். அவரிடம் போய் "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று கேட்கலாமா? எங்கள் குடும்பத்தில் அலுவலகம் போன முதல் ஆள் நான்தான். யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

துவாஸ் பாதுகாப்பு
சனி, இரவு 10.40

தம்பி, அப்படிக் கேட்காதே. பேசாத மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். அவர் காலையில் வேனில் சாமான் ஏற்றும்போது நீயும் போய் ஏற்று. எந்த வேலைக்கு எந்த டூல் எடுக்கிறார் என்று பார்த்து, மறுநாள் அவர் கேட்குமுன் எடுத்து வை. மின்பகிர்வுப் பெட்டியை, அந்த டிபி பாக்ஸை, திறந்தால் பக்கத்தில் நில், டார்ச் பிடி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேள், அதுவும் வேலை முடிந்த பிறகு: "அண்ணே, அந்த பிரேக்கரை ஏன் முதலில் இறக்கினீங்க?" இப்படிக் கேட்டால் பேசாதவரும் பேசுவார். தன் வேலையைக் கவனித்துப் பார்க்கிற ஒருவனை எந்த வேலைக்காரனுக்கும் பிடிக்கும்.

ஒரே ஆளை மட்டும் நம்பி இருந்துவிடாதே. என் அங்கிள் ஓய்வுபெற்று ஈப்போ போனதும், புதிதாக வந்த மேனேஜருக்கு நான் யாரென்றே தெரியாது. அந்த வருடம் எனக்கு ரொம்பக் கஷ்டம். நல்லவேளை, டூல்பாக்ஸ் மீட்டிங்கில் என் பேச்சைக் கேட்டவர்கள் வேறு பிரிவுகளிலும் இருந்தார்கள்.

தோ பாயோ ஆசிரியர்
ஞாயிறு, காலை 6.50

தம்பி, உன் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் இந்திய நற்பணிச் செயற்குழு இருக்கும். போய் ஒரு பொங்கல் விழாவுக்கு நாற்காலி போடுவதில் ஆரம்பி. வங்கி அதிகாரி, லாரி ஓட்டுநர், டாக்டர், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிற இடம் அது. தெம்பனிஸ் மகள் கேட்ட கேள்விக்கும் என்னால் தர முடிந்த பதில் இதுதான்: ஆணுக்கும் பெண்ணுக்கும், நிரந்தரவாசிக்கும் குடிமகனுக்கும் அங்கே ஒரே கதவு. 1991-இலிருந்து சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது, அதன் துணைப்பாட வகுப்புகளில் தொண்டூழியராகச் சேரலாம். மேற்படிப்புக்குப் பணம் தடையாக இருந்தால் எஸ்.ஆர். நாதன் பெயரிலேயே கல்வி மேம்பாட்டு நிதி இருக்கிறது, ஐடிஈ மாணவருக்கும் உண்டு. விசாரித்துப் பார்.

தெம்பனிஸ் நிரலர்
ஞாயிறு, காலை 9.30

ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஒரு கோரிக்கையோடு. அந்த மேசையில் இளையவரை நாற்காலி போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானே இரண்டு செயற்குழுக்களில் பார்த்திருக்கிறேன். செயலாளரும் பொருளாளரும் வருடக்கணக்கில் அதே ஆட்கள், பெண்கள் என்றால் கோலமும் வரவேற்பும். வரவுசெலவுத் திட்டத்தை ஓர் இருபது வயதுப் பெண்ணிடம் கொடுத்து, மூத்தவர் பக்கத்தில் உட்காரட்டும். பூன்லே அக்காவின் சிஸ்டர் மாதிரி அரை அடி பின்னால் நிற்கட்டும். அப்படி ஒரு செயற்குழு எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்கிறேன்.

தம்பி, நான் மென்பொருள் துறை, உன் துறை வேறு. ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது உன் சுயவிவரத்தைத் திருத்தித் தர என்னால் முடியும். தனிமடலில் அனுப்பு. இன்னொன்று, அந்த டெக்னீஷியன் அண்ணனைப் பற்றித் துவாஸ் அண்ணன் சொன்னதைச் செய். ஆனால் பயிற்சி முடியும் கடைசி வாரத்தில் வாய்விட்டுக் கேட்டுவிடு: "என்னைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் சொல்ல முடியுமா?" நல்லவர்கள் தாங்களாகவே சொல்வார்கள் என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேரை நான் பார்த்துவிட்டேன். சொல்ல மனமிருக்கிறவருக்கும் அது தோன்ற வேண்டும்.

பூன்லே தாதி
ஞாயிறு, இரவு 9.15

இரவுப் பணிக்கு நடுவே ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாருக்கும் நன்றி.

செவ்வாய்க்கிழமை எங்கள் தாதிமை இயக்குநரோடு திட்டக் கூட்டம் இருக்கிறது. கென்ட் ரிட்ஜ் சொன்னதை வைத்து முதல் கோரிக்கை: மாதச் சந்திப்புக்குப் பதிலாக, என்னிடம் வரும் இருவரையும் கீழே விழும் நோயாளிகள் பற்றிய எங்கள் ஆய்வுக் குழுவில் சேர்க்க வேண்டும். பணி அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஓய்வு நாளில் வரச் சொல்லக்கூடாது. அந்தக் குழுவின் அறிக்கையை மருத்துவர்கள் முன்னால் வாசிப்பது அவர்களாக இருக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

தெம்பனிஸ் தங்கையின் எழுத்தைப் பார்த்தபின் இரண்டாவது கோரிக்கை. வழிகாட்டியாக இருப்பவர், தன் இளையவரின் பதவி உயர்வு பேசப்படும் கூட்டத்துக்குக் கூப்பிடப்பட வேண்டும். அவருக்கு அங்கே ஓட்டு வேண்டாம், பேச இரண்டு நிமிடம் போதும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். பாரபட்சம் என்பார்கள். எல்லா இளையவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்து, எல்லாருக்கும் அதே இரண்டு நிமிடம் கிடைத்தால் எங்கே பாரபட்சம்? இப்போதுதானே சிலருக்கு மட்டும் பேச ஆள் இருக்கிறது.

மூன்றாவதும் ஒன்று. எங்கள் வார்டில் நோயாளி பராமரிப்பு உதவியாளர்களாக மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. பட்டியல் போட்ட யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை, துவாஸ் தம்பி எழுதியதைப் படிக்கும்வரை எனக்கும் அது தோன்றவில்லை. அவர்களில் ஒரு பெண்ணுக்கு ஊரில் தாதிப் பட்டம் இருக்கிறது, இங்கே பதிவுக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இரண்டு பேர் என்றார்கள். மூன்றாவதாக அவளை நானே கேட்டு வாங்கப்போகிறேன்.

கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுகிறேன். அதற்குள் யாராவது இந்த இரண்டு நிமிட ஏற்பாட்டைத் தங்கள் நிறுவனத்தில் பார்த்திருந்தால், எப்படி நடத்தினார்கள் என்று திங்கள் இரவுக்குள் சொல்லுங்கள். கையில் ஓர் உதாரணம் இருந்தால் பேசச் சுலபமாக இருக்கும்.